நிஷாந்தி மிஸ் எழுதாத வரி

நிஷாந்தி மிஸ்ஸைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். திமிர் பிடித்தவளாம், கைக்கு வந்த நிதியை உதைத்துத் தள்ளியவளாம். சொல்கிற வாய் ஒன்றுகூட அன்று அந்த மண்டபத்தில் இருக்கவில்லை. நான் இருந்தேன். புரொஜெக்டரை இயக்கியதே நான்தான். அதனால் நடந்ததைச் சொல்கிறேன், பிடிக்காதவர்கள் காதைப் பொத்திக்கொள்ளட்டும்.

என் பெயர் சுபைதா. ஹட்டனில் உள்ள ஒரு பல்கலைக்கழகக் கிளை நிலையத்தின் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். மிஸ் அங்கே முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் புள்ளிவிபரவியல் படிப்பிக்கிறார். நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். அம்மா பேச்சியம்மா கொழுந்து பறித்து அவரைப் படிக்க வைத்தார்.

எங்கள் விரிவுரையாளர்கள் பாடம் நடத்தும் அழகைச் சொல்ல வேண்டும். கரும்பலகையைப் பார்த்தபடி பழைய குறிப்பை வாசிப்பார்கள். முடிந்ததும் திரும்பி, "விளங்கிச்சா?" என்பார்கள். பிள்ளைகள் எல்லாரும் ஒரே குரலில் "விளங்கிச்சு சேர்" என்பார்கள். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் தோட்டத் துரை கேட்டதற்கு எதிர்த்துப் பேசாமல் பழகிய வீட்டுப் பிள்ளைகள் வேறு என்ன சொல்லும்? பரீட்சையில் பாதி வகுப்பு விழும். தேத்தண்ணி குடிக்கும்போது இவர்கள், "தோட்டத்துப் புள்ளைங்களுக்கு இவ்வளவுதான் ஏறும்" என்பார்கள்.

மிஸ் சனிக்கிழமைகளில் தனியாக ஒரு வகுப்பு வைத்தார். மலையில் கொழுந்து பறிக்கும்போது ஆளுக்கொரு நிரை, அதாவது ஒரு செடி வரிசை, கொடுப்பார்கள் அல்லவா? தன் நிரையை முதலில் முடித்தவள் சும்மா நிற்க மாட்டாள். பிந்தியவளின் நிரையை மறுமுனையிலிருந்து பறித்துக்கொண்டு எதிரே வருவாள். இருவரும் நடுவில் சந்தித்தால் அந்த நிரை முடிந்தது. மிஸ் கணக்கையும் அப்படியே செய்ய வைத்தார். முந்தியவர், பிந்தியவரின் கடைசிக் கணக்கிலிருந்து பின்னோக்கிச் செய்துகொண்டு வர வேண்டும். நடுவில் சந்திக்கும் கணக்கை இருவரும் சத்தமாகப் பேசிச் செய்ய வேண்டும். அட, அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்க வேண்டும்! ஒருவருக்கொருவர், "இது எப்படிடி வந்துச்சு?" என்று சண்டை பிடிப்பார்கள். "விளங்கிச்சு மிஸ்" என்ற பேச்சே அங்கே இல்லை. முதல் தவணையில் பரீட்சைத்தாளை வெறுமையாகக் கொடுத்த நிலக்ஷி என்ற பிள்ளை, அடுத்த தவணையில் மற்றவர்களுக்கு எதிர்நிரை பிடித்தாள்.

ஆனால் சனிக்கிழமை வகுப்புக்கு நிதி இல்லை. உதவிக்கு வரும் மூத்த மாணவர்களுக்கு பஸ் காசு, தமிழில் ஒரு பயிற்சிப் புத்தகம், இவ்வளவுதான் தேவை. கற்பித்தலை மேம்படுத்த வெளிநாட்டு நிறுவனம் ஒன்று பீடங்களுக்கு நிதி கொடுக்கிறது என்று அறிவித்தல் வந்தது. அது கிடைக்காவிட்டால் வகுப்பை நிறுத்த வேண்டும் என்று துறைத்தலைவர் ஜெயகாந்தன் சேர் சொல்லிவிட்டார். மிஸ் இராப்பகலாய் உட்கார்ந்து முன்மொழிவை எழுதினார்.

சேர் அதை வாசித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"என்ன நிஷாந்தி இது? புள்ளைங்க கெட்டிக்காரங்க, படிப்பிக்கிற நாமதான் சரியில்லன்னு எழுதியிருக்கீங்க. இப்புடி எழுதுனா எவன் காசு தருவான்? வாசிக்கிறவனுக்குக் கண்ணுல தண்ணி வரணும்ங்க."

"தண்ணி வர வைக்க நான் என்ன வெங்காயமா உரிக்கிறேன் சேர்?"

அவர் பேனாவை எடுத்து ஒரு வரியைச் சேர்த்தார். தோட்டப்புற மாணவர்கள் இயல்பிலேயே கிரகிக்கும் திறன் குறைந்தவர்கள் என்று ஆங்கிலத்தில். இதை எழுதிய மனுஷன் யார் தெரியுமா? நானுஓயாவுக்கு மேலே தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் ஒரு லயத்தில் பிறந்து, அதே தோட்டப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். மிஸ் அந்த வரியை அவர் கண் முன்னாலேயே வெட்டினார். "சரி, உங்க இஷ்டம்" என்று சொல்லி சேர் அதை வாங்கி வைத்துக்கொண்டார். நாங்களும் நம்பினோம்.

நிறுவனத்தின் குழு எங்கள் நிலையத்துக்கு நேரே வந்தது. கொழும்பிலிருந்து இரண்டு பேர், ஒரு வெள்ளைக்கார அம்மா. பயனாளிகள் என்று பிள்ளைகளையும் கூப்பிட்டு மண்டபத்தின் பின்வாங்கில் உட்கார வைத்திருந்தார்கள். நிலக்ஷியும் இருந்தாள். சேர் கொடுத்ததை நான் திரையில் போட்டேன்.

முதலில் வந்தது பேச்சியம்மாவின் படம். லயத்துக்கு முன்னால், தலையில் கயிறு மாட்டிய கூடையோடு. கீழே 'எழுத்தறிவற்ற தாய்' என்று எழுதியிருந்தது. மிஸ் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகுதான் தெரிய வந்தது, மகளுக்குத் தெரியாமல் சேர் ஒரு படப்பிடிப்பாளரை அங்கே அனுப்பியிருக்கிறார். இறம்பொடையில் சுற்றுலாக்காரர்களுக்குத் தேயிலை விற்கும் கடையில் வாங்கிய கூடையை அவன் வேனிலேயே கொண்டு போயிருக்கிறான். "கூடையெல்லாம் இப்ப யாரு தம்பி போடுறா? சாக்குதான் கட்டுறாங்க. நான் வேலைய விட்டே வருஷமாச்சு" என்று பேச்சியம்மா சொல்லிப் பார்த்திருக்கிறார். மகளின் வேலைக்கு வேண்டியது என்றதும் மாட்டிக்கொண்டார். தினமும் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை வாசிக்கிற மனுஷி அவர்!

அடுத்ததாக அந்த வரி வந்தது. மிஸ் வெட்டிய அதே வரி, தடித்த எழுத்தில். முன்மொழிவின் கீழே மிஸ்ஸின் பெயர். பின்வாங்கில் பிள்ளைகள் அதை வாசித்துவிட்டார்கள். நிலக்ஷி குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

வெள்ளைக்கார அம்மா, இவர்களை முன்னேற்றத்தான் முடியுமா என்று மிஸ்ஸிடம் கேட்டார்.

மிஸ் எழுந்தார். "அந்த வரியை நான் எழுதவில்லை. கிரகிக்கும் திறன் குறைந்தவர்கள் இந்த மண்டபத்தில் இருந்தால், அவர்கள் பின்வாங்கில் இல்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

"நிஷாந்தி, உட்காருங்க!" என்று சேர் பல்லைக் கடித்தார்.

"பிள்ளைகளிடம் குறை இல்லையென்றால் இந்த நிதி எதற்கு?" என்று கொழும்பு ஆள் கேட்டார்.

"எங்களுக்கு. படிப்பிக்கத் தெரியாதது எங்களுக்குத்தான்."

எழுதியவரே மறுக்கும் முன்மொழிவை ஏற்க முடியாது, அந்த வரி அப்படியே நிற்கட்டுமா அல்லது முன்மொழிவை மீளப் பெறுகிறீர்களா என்று கேட்டார்கள். மிஸ் ஒரு கணம் பின்வாங்கைப் பார்த்தார். மீளப் பெறுகிறேன் என்றார். அவ்வளவுதான். நிதி போயிற்று. "சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே" என்று சேர் கத்தியது வாசல் கேட் வரைக்கும் கேட்டிருக்கும். அவர் ஒருவேளைச் சோறாவது பட்டினி கிடந்தாரா? இல்லையே.

எல்லாரும் போன பிறகு நிலக்ஷி வந்து மிஸ்ஸின் மேசைக்குப் பக்கத்தில் நின்றாள். வகுப்பு நின்றுபோகிறதே என்று அழப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை.

"மிஸ், அந்த வரிய நீங்க எழுதல. சரி. சேரும் லயத்துலதானே பொறந்தாரு? அவரு ஏன் மிஸ் எங்கள அப்புடி எழுதுனாரு?"

மிஸ் சனிக்கிழமைக் கணக்குத்தாளை எடுத்து அவள் கையில் கொடுத்தார். அவள் கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் சேர்தானே?

சனிக்கிழமை நிலையம் பூட்டியிருக்க வேண்டும் என்று சேர் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறார். பூட்டின் திறப்பு என்னிடம்தான் இருக்கிறது. காலையில் மிஸ் வருகிறார், பிள்ளைகள் வருகிறார்கள், நான் திறக்கிறேன். ஏன் திறந்தாய் என்று சேர் ஒருநாள் கேட்கத்தான் போகிறார். கேட்கட்டும். நிலக்ஷிக்கு முதலில் அவர் பதில் சொல்லட்டும், பிறகு நான் சொல்கிறேன்.