ஸ்டார்ட்டிலேயே நின்ற லாரி

லாரி ஓட்டுகிறவனுக்கு ஓட்டும்போது வரும் கஷ்டம் கொஞ்சம்தான். நிறுத்தும்போது வருவதுதான் பெரும்பாடு. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் என்னைப் போல அடுத்தவர் லாரியை ஓட்டி வயிறு வளர்த்தவர்கள் இதைப் படித்ததும் தலையை ஆட்டிக்கொள்வார்கள். மற்றவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது.

திண்டுக்கல்லில் ஒரு வெங்காய மண்டிக்காரரிடம் நான் டிரைவராக இருந்தேன். வண்டி, உலகச் சண்டை முடிந்து மிலிட்டரிக்காரர்கள் ஏலத்தில் தள்ளிவிட்ட பெட்ரோல் லாரி. அதில் செல்ஃப் ஸ்டார்ட்டர் பட்டன் உண்டு. அமுக்கினால் டொக் என்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். பேட்டரியில் உயிர் ஊசலாடிக்கொண்டிருந்தது. அதனால் வண்டியைக் கிளப்ப வேண்டுமானால் முன்பக்கத்து ஓட்டையில் இரும்பு ஹேண்டிலைச் செருகி, கையால் சுற்ற வேண்டும். அதைச் சுற்றியவர் கிளீனர் அந்தோணி. கிளீனர் என்றதும் சின்னப் பையன் என்று நினைக்க வேண்டாம். என்னைவிட மிகவும் மூத்தவர். தலை முழுக்க நரைத்தவர். நான் அவரை அண்ணன் என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார்.

ஹேண்டில் சில சமயம் திருப்பி அடிக்கும். ஒரு தடவை அப்படி அடித்து அந்தோணி அண்ணனின் வலது மணிக்கட்டு உடைந்து, சேர்ந்தது கோணலாகச் சேர்ந்துவிட்டது. இன்னொரு அடி வாங்கினால் அந்தக் கையால் சோறுகூட அள்ள முடியாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவர் வீடே அந்தக் கையை நம்பி இருந்தது. நானே இறங்கிச் சுற்றலாம் என்றால், எஞ்சின் பிடிக்கும் நேரத்தில் உள்ளே உட்கார்ந்து ஆக்சிலேட்டரை மிதிக்க ஆள் வேண்டும். அண்ணன் டிரைவர் சீட்டில் உட்கார மாட்டார். டிரைவர் தெருவில் நின்று ஹேண்டில் சுற்றுவதைப் பார்ப்பதற்கு, கை போனாலும் பரவாயில்லை என்பது அவர் கட்சி.

ஆகவே நான் ஒரு வழி வைத்திருந்தேன். சரக்கு ஏற்றும்போதும் இறக்கும்போதும் எஞ்சினை அணைப்பதில்லை. வண்டி ஸ்டார்ட்டிலேயே நிற்கும். முதலாளி வேறு ஒரு வழி வைத்திருந்தார்.

மாடும் வைக்கோலும்

முதலாளி மண்டி வாசலில் உட்கார்ந்து வெங்காயம் பார்ப்பார். காது மட்டும் தெருவில் இருக்கும். ஒருநாள் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது எழுந்து வந்து, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"வண்டி எங்கப்பா போகுது?" என்றார்.

"எங்கயும் போகல முதலாளி. நிக்குது."

"நிக்கிற மாட்டுக்கு யாராச்சும் வண்டி வாடகை குடுப்பாகளா?"

"நிக்கிற மாடும் வைக்கோல் திங்குமே முதலாளி. அந்தோணி அண்ணன் கைக்குத்தான்..." என்று ஆரம்பித்தேன். அவர் முடிக்க விடவில்லை. "திங்கட்டும். கட்டுத்தறியில திங்கட்டும். என் கடை வாசல்ல நின்னு என் பெட்ரோலத் திங்க வேணாம்."

கேட்டில் நடந்தது

திண்டுக்கல்லில் எந்தப் பக்கம் போனாலும் ஒரு ரயில் கேட் குறுக்கே வரும். அன்றைக்கு முதலாளியும் முன்சீட்டில் இருந்தார். கேட் அடைத்திருந்தது. ஒரு கூட்ஸ் வண்டி முன்னே போவதும் பின்னே வருவதுமாக விளையாடிக்கொண்டிருந்தது. எங்களுக்குப் பின்னால் பழனி பஸ், அதற்குப் பின்னால் மாட்டு வண்டிகள், சைக்கிள்கள். முதலாளி என் பக்கம் திரும்பவே இல்லை. நேராகக் கேட்டைப் பார்த்துக்கொண்டே "ஆஃப் பண்ணு" என்றார். பண்ணினேன்.

கேட் திறந்தது. அந்தோணி அண்ணன் இறங்கிப் போய்ச் சுற்றினார். எஞ்சின் ஒரு தும்மல் போட்டுவிட்டு ஓய்ந்தது. மறுபடி சுற்றினார், மறுபடி தும்மல். வண்டி தண்டவாளத்துக்கு முன்னால் வழியை அடைத்துக்கொண்டு நின்றது. சைக்கிள்காரர்கள் சந்தில் புகுந்து போனார்கள். பஸ் டிரைவர் ஹாரன் அடித்து அடித்து அலுத்துப்போய் இறங்கி வந்தார். அவர் பின்னால் அவர் பிரயாணிகளும் வந்து தள்ளினார்கள். தள்ளத் தள்ள வண்டி தண்டவாளத்துக்கு நடுவில் போய்த்தான் பிடித்தது. அடுத்த ரயிலுக்கு அடைக்க வேண்டிய கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற கேட்கீப்பர் நாங்கள் கடக்கும்போது ஜன்னல் பக்கம் வந்தார். முதலாளி அப்போதும் நேராகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்கீப்பர் நிதானமாகச் சொன்னார்: "ரயிலுகூட இம்புட்டு நேரம் இந்த ரோட்டை மறிச்சதில்ல, அப்பு."

டீக்கடை மேடு

இது நடந்தும் முதலாளி மனசு மாறவில்லை. தள்ள ஆள் கிடைத்ததே என்றுதான் நினைத்தார். எங்களுக்கு மிச்சமிருந்த வழி மேடு. சரிவில் வண்டியை நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, அணைத்துவிடலாம். கிளம்பும்போது கல்லை எடுத்தால் வண்டி தானே உருளும். உருளும்போது கிளச்சை விட்டால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். ஹேண்டில் வேண்டாம், மணிக்கட்டும் பிழைக்கும். ஆனால் திண்டுக்கல்லில் மேடு என்றால் மலைக்கோட்டைதான். அதன் மேல் லாரியை நிறுத்த முடியாது. மற்றதெல்லாம் தோசைக்கல் மாதிரி தட்டையான பூமி. எந்தக் கண்மாய்க் கரையில் எவ்வளவு சரிவு, எந்தத் தெரு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதெல்லாம் எனக்கு மனப்பாடமாகிவிட்டது. ஊருக்குப் புதிதாக வருகிறவர்கள் கோயிலும் சர்ச்சும் எங்கே என்று கேட்பார்கள். நான் ஒரு ஊருக்குப் போனால் முதலில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்ப்பேன்.

வத்தலக்குண்டு ரோட்டில் ஒரு நல்ல சரிவு இருந்தது. அதன் தலைமாட்டில் ஒரு டீக்கடையும் இருந்தது. அந்த டீயைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல விரும்பவில்லை. கடைக்காரர் இப்போது இல்லை. தினமும் அங்கேதான் நிறுத்தினோம், நிறுத்திய பாவத்துக்குக் குடித்தோம். ஒருநாள் கடைக்காரர் கிளாஸை வைத்துவிட்டு எதிரிலேயே நின்றார். "என் டீ நல்லாருக்குன்னு இதுவரைக்கும் ஒரு ஆளு சொன்னதில்ல. என் வீட்டுக்காரியே குடிக்க மாட்டா. நீங்க ரெண்டு பேரும் தவறாம வாரீக. எதுக்குன்னு சொல்லிட்டுப் போங்க" என்றார். நான் ஏதாவது நல்லதாகச் சொல்லலாம் என்று யோசித்தேன். அந்தோணி அண்ணன் பொய் பேசாத மனுஷர். கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "ஒங்க மேடு நல்லாருக்கு."

நிலக்கோட்டைப் பூ

முதலாளி பக்கம் நியாயமே இல்லை என்று எழுதினால் அது தர்மமாகாது. நிலக்கோட்டையில் பூ ஏற்ற ஒரு நடை கிடைத்தது. மார்க்கெட் வாசல் சுத்தமான சமதரை. கிளப்பச் சிரமமாகுமே என்று வண்டியை ஸ்டார்ட்டிலேயே போட்டுவிட்டு, எல்லாக் கூடைகளும் ஏறும்வரை நானும் அண்ணனும் நிழலில் உட்கார்ந்தோம். எங்கள் சைலன்சர் பாதியில் ஒடிந்திருந்ததும், புகையெல்லாம் நேராகப் பலகை இடுக்கு வழியாக மேலே ஏறியதும் எங்களுக்குத் தோன்றவில்லை. ஈரச்சாக்கு போர்த்திய மல்லிகைக் கூடைகள் அந்தப் புகையிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தன.

திண்டுக்கல்லில் இறக்கினோம். வாங்க வந்த பூக்கார அம்மா ஒரு கைப்பிடி அள்ளி முகர்ந்தார். கூடையில் போட்டார். இன்னொரு கூடையில் அள்ளி முகர்ந்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பூ அனுப்பியவர்கள் விடியுமுன் எழுந்து குனிந்து குனிந்து பறித்தது அது. முதலாளிக்கும் ஆள் போய் அவரும் வந்துவிட்டார். அந்த அம்மா அவர் மூக்குக்கு நேரே ஒரு பிடியை நீட்டினார். "மல்லியப்பூ வாங்க வந்தேன், அண்ணாச்சி. இது லாரிப்பூவால்ல இருக்கு."

மலையடிவாரம்

அதன்பிறகு முதலாளியின் சட்டம் இறுகிவிட்டது. நின்ற இடத்தில் எஞ்சின் ஓடியதாக அவர் காதில் விழுந்தால் நானும் அண்ணனும் அன்றோடு நடையைக் கட்டலாம். அண்ணனுக்கு அந்த வயதில் வேறு யாரும் வேலை தர மாட்டார்கள். அதனால், ஓடவிட்டால் வேலை போகும், அணைத்தால் கை போகும் என்கிற நிலைமை.

சிறுமலையிலிருந்து வாழைத்தார்களைக் குதிரை மேல் ஏற்றி அடிவாரத்துக்குக் கொண்டுவருவார்கள். நாங்கள் கீழே காத்திருந்து ஏற்றிக்கொள்ள வேண்டும். அடிவாரமானாலும் லாரி நிற்கும் இடம் சமதரைதான். குதிரைகள் வர நேரமாகும் என்று அணைத்துவிட்டு நின்றோம். கிளம்பும்போது எஞ்சின் கட்டையாகக் குளிர்ந்திருந்தது. அண்ணன் சுற்றினார். ஹேண்டில் படார் என்று திரும்பியது. கண் இமைக்கும் நேரத்தில் கையை எடுத்துவிட்டார். ஆனாலும் நுனி உரசி, மணிக்கட்டு வீங்கிவிட்டது. குதிரைக்காரரிடம் தண்ணீர் வாங்கிக் கையை நனைத்தார். நான் ஊர் வரும்வரை ஆத்திரத்தில் பல்லைக் கடித்துக்கொண்டே ஓட்டினேன்.

அண்ணன் வேண்டாம் வேண்டாம் என்று சட்டையைப் பிடித்து இழுத்தும் கேட்காமல் நேரே மண்டிக்குப் போனேன். வீங்கிய கையைக் காட்டச் சொல்லி, "ஒரு பேட்டரி வாங்கிப் போட்டுருங்க முதலாளி. பட்டனை அமுக்கினா கிளம்பிரும். அப்பறம் நீங்க சொல்ற எடத்துல எல்லாம் அணைக்கிறேன்" என்றேன். முதலாளி அந்தக் கையைப் பார்த்தார். பிறகு வெங்காயத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். "பேட்டரி வாங்குறதா இருந்தா, வண்டியில ஹேண்டில் எதுக்கு வச்சான்?"

முதலாளி இறங்கினார்

ஆத்தூர்ப் பக்கம் அவர் சொந்தத்தில் ஒரு நிச்சயதார்த்தம். முதலாளி பட்டுக்கரை வேட்டியும் சட்டையுமாக, தேங்காய் பழத் தட்டோடு முன்சீட்டில் ஏறினார். அண்ணன் கைக் கட்டோடு ஹேண்டிலை எடுத்துக்கொண்டு முன்னே போனார். சட்டத்தின்படி வண்டி அணைந்துதானே நின்றது. நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. அண்ணன் இடது கையால் சுற்றிப் பார்த்தார். ஹேண்டில் பாதிச் சுற்றுக்கூட வரவில்லை. வண்டியைத் தள்ள மண்டியில் இருந்த ஆட்கள் போதாது.

முதலாளி இறங்கினார். வேட்டியை மடித்துக் கட்டினார். "ரெண்டு பேரும் சேந்து இதை ஒரு பெரிய வித்தையா ஆக்கி வச்சிருக்கீக. குடு இங்க" என்றார். அண்ணன் கொடுக்கவில்லை, நானும் கொடுக்க வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். முதலாளி பிடுங்கிக்கொண்டார். "கட்டைவிரலைச் சுத்திப் பிடிக்காதீக முதலாளி. மத்த விரலோட சேத்து வைங்க. அடிச்சா கை தானா விட்ரும்" என்று அண்ணன் கெஞ்சினார். கட்டைவிரலைச் சுற்றிப் பிடிக்காமல் ஒரு பொருளை எப்படிப் பிடிப்பது என்று முதலாளி கேட்டார். கேட்டுக்கொண்டே சுற்றினார். மண்டி வாசலில் இருந்த எல்லோருக்கும் எலும்பு முறிந்த சத்தம் கேட்டது.

அவர் கையைப் பிடித்துக்கொண்டு மட்கார்டில் சாய்ந்துவிட்டார். முகம் வெளுத்துவிட்டது. சித்தையன்கோட்டைப் பக்கம் எலும்புக்குக் கட்டுப் போடும் வைத்தியர் ஒருவர் இருந்தார். உடனே போக வேண்டும். போக வேண்டுமானால் வண்டி கிளம்ப வேண்டும். அந்தோணி அண்ணன் தன் கட்டை அவிழ்த்தார். நான் வேண்டாம் என்று கத்தினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அந்த வீங்கின வலது கையால் ஹேண்டிலைப் பிடித்து, ஒரே சுற்று. எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டிருந்த எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வைத்தியர் வீட்டு வாசலில் நிறுத்தியதும் பழக்கதோஷத்தில் அணைக்கப் போனேன். உள்ளே போய்க்கொண்டிருந்த முதலாளி அப்படியே திரும்பி நின்றார். அணைக்க வேண்டாம் என்று தலையை ஆட்டினார். லாரி வாசலில் தடதடவென்று நின்றது. வைத்தியர் கையை நீவிக்கொண்டே, "அந்தச் சனியனை அமத்தச் சொல்லுங்க. எலும்பு சேர்ற சத்தம் எனக்குக் கேக்கணும்" என்றார். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த முதலாளி, வாசலில் ஈரத்துணி சுற்றிய கையோடு நின்ற அந்தோணி அண்ணனைப் பார்த்தார். "கேக்காட்டிப் போகுது வைத்தியரே. அது ஓடட்டும்."

புது பேட்டரி

பேட்டரி வந்தது. ஒருநாள் காலையில் பார்த்தால் வண்டியில் இருந்தது. அண்ணனின் கை மெதுவாகத் தேறியது. ஹேண்டிலைச் சீட்டுக்கு அடியில் போட்டு, மேலே ஒரு சாக்கையும் போட்டு மூடினார்.

முதல்முதலாக நான்தான் அமுக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். முதலாளி தொட்டில் கட்டிய கையோடு வந்து டிரைவர் சீட்டில் ஏறிக்கொண்டார். செல்ஃபை அமுக்கினார். எஞ்சின் ஒரு உறுமலில் பிடித்தது. இறங்குவார் என்று நின்றோம். இறங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். மண்டியில் ஆட்கள் காத்திருந்தார்கள், வெங்காயம் காத்திருந்தது, சைலன்சர் புகை கடைக்குள் போய்க்கொண்டிருந்தது. வெகுநேரம் கழித்து அந்தோணி அண்ணன் கதவோரம் போய் நின்று, மரியாதையாகச் சொன்னார்: "முதலாளி, பெட்ரோலு."

இத்தனை வருஷம் ஓட்டியதில் நான் தெரிந்துகொண்டது இதுதான்: நிற்கிற லாரியை அணைக்கலாமா கூடாதா என்பதற்குப் பதில், ஹேண்டில் யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.