பெட்டி இல்லாத வீட்டின் ஏரியல்

மேவிஸ் பாரக்ளஃப்பின் வீட்டுப் புகைபோக்கியில் ஒரு மாதமாகப் புத்தம்புது ஏரியல் ஒன்று நின்றுகொண்டிருந்தது. வீட்டுக்குள் டெலிவிஷன் கிடையாது. இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸில், மலைச்சரிவில் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து நிற்கும் அந்தக் கல்வீட்டு வரிசைக்கு 1968-ஆம் வருஷம் இதைவிடப் பெரிய வேடிக்கை கிடைக்கவில்லை.

"என்ன மேவிஸ், புறாவுக்கு ஊஞ்சல் கட்டியிருக்கியா?" என்று எதிர்வீட்டு ஆர்னால்ட் தினமும் காலையில் பால் புட்டியை எடுக்கும்போது கேட்பார். அவள் பதில் சொல்வதை விட்டு இரண்டு வாரமாகிறது.

வேடிக்கை அத்தோடு முடியவில்லை. மேவிஸ் வேலை பார்ப்பதே டெலிவிஷனை மாத வாடகைக்குக் கொடுக்கும் கடையில்தான். ஒன்பது வருஷ அனுபவம். ஊரில் பாதி வீடுகளில் ஓடும் பெட்டி அவள் நிரப்பிய படிவத்தின் பேரில் போனது. பெட்டி வந்துவிடும் என்று ஏரியலை முன்கூட்டியே மாட்டிவிட்டு அவள் தனக்கென்று நிரப்பிய படிவம் மட்டும் தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு முறை திரும்பி வந்தது. பெண் வாடகைக்கு எடுத்தால் கணவன் கையெழுத்து வேண்டும். கணவன் இல்லையென்றால் வேறொரு ஆணின் கையெழுத்து வேண்டும். ஏழு வருஷமாகக் கல்லறையில் கிடக்கும் ஹெர்பர்ட்டால் பேனா பிடிக்க முடியவில்லை. நாடாளுமன்றம் கூடிப் போட்ட சட்டமில்லை இது. யாரோ ஒரு குமாஸ்தா அச்சடித்த கோடு. அந்தக் கோட்டுக்கு நாடே தலைவணங்கியது.

மூன்றாவது முறை ஒரு கடிதத்தோடு அனுப்பியிருந்தாள். பதில் இன்று, புதன்கிழமை, வந்தாக வேண்டும். இன்று இரவு எட்டு பத்துக்குக் கண்டங்கள் நகர்வதைப் பற்றி, வண்ணத்தில், ஒரு மணி நேர நிகழ்ச்சி. ஆப்பிரிக்காவும் தென் அமெரிக்காவும் ஒரு காலத்தில் ஒட்டிக் கிடந்தவை என்று நூலகப் புத்தகத்தில் படித்ததிலிருந்து அவளுக்கு அதே நினைப்பு. பதினாலு வயதில் பள்ளியை விட்டு ஆலைக்குப் போனவள் அவள். நிகழ்ச்சிப் பட்டியலில் பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருந்தாள்.

ஒன்பது மணிக்குக் கடையைத் திறந்து பெட்டிகளை ஒவ்வொன்றாக முடுக்கினாள். வண்ணப் பெட்டிகள் நான்கிலும், நிகழ்ச்சி இல்லாத நேரத்தில் காட்டும் சோதனை அட்டை. அதன் நடுவில் அதே சிறுமி, அதே சிரிப்பு. மேலாளர் சக்டன் வந்ததும் வராததுமாக நான்கிலும் நிறத்தைக் கூட்டினார். சிறுமியின் கன்னம் கேரட் ஆனது.

"சார், மனுஷ மூஞ்சி அப்படியா இருக்கும்?"

"மூஞ்சியைப் பார்க்கவா வர்றாங்க? கலரைப் பார்க்க வர்றாங்க. அதைத் தொடாதே."

அவர் முதுகைத் திருப்பியதும் மேவிஸ் குறைத்தாள். இதுவும் தினப்படி நடப்பதுதான்.

பத்தரைக்கு வண்ணப் பெட்டிகளில் ரோஜாத் தோட்டத்தைப் பற்றிய படம் வந்தது. கடைக்காரர்கள் பெட்டியை ஓட்டிக் காட்டுவதற்காகவே பகலில் ஒளிபரப்பும் படம் அது. மேவிஸ் அதை நூறு முறையாவது பார்த்திருப்பாள். எந்த ரோஜாவில் எப்போது வண்டு வந்து உட்காரும் என்பதும் மனப்பாடம். கறுப்பு வெள்ளைப் பெட்டிகளில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம், பிறகு மதியச் செய்தி, குழந்தைகளுக்குப் பொம்மைக் கதை, அப்புறம் குதிரைப் பந்தயம். ஐந்தரைக்குக் கடை மூடும்போது ஊருக்கான நிகழ்ச்சிகள் அப்போதுதான் ஆரம்பமாகும். ஊருக்கெல்லாம் மாலைப் பொழுதை வாடகைக்குக் கொடுத்தவள் ஒரு மாலையைக்கூடப் பார்த்ததில்லை.

பதினொரு மணித் தபாலில் பதில் வந்தது. ஒரே வரி: ஆண் பொறுப்பாளர் கையெழுத்து இல்லை.

அவள் அதை நான்காக மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள்.

"என் கையில என்னம்மா இருக்கு?" என்றார் சக்டன். "உங்க மாடியில குடியிருக்கானே, அந்த பஸ் கண்டக்டர், அவன் போட்டாக்கூடப் போதுமே."

"அவனுக்கு முட்டை வேக வைக்கத் தெரியாது, சார். சட்டைப் பொத்தான் நான்தான் தைக்கிறேன். எனக்கு அவன் பொறுப்பா?"

"விதி அப்படி."

"கடைச் சாவி யார்கிட்ட இருக்கு?"

"உன்கிட்ட."

"முப்பது பெட்டியும் யார் பொறுப்பு?"

சக்டன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு தேநீர் போடப் போய்விட்டார்.

மதியத்துக்கு மேல் கிராப்ட்ரீ என்று ஒரு கட்டட ஒப்பந்தக்காரர் வந்தார். மேவிஸ் வாயைத் திறக்குமுன், "ஆம்பளை யாராவது இருக்காங்களா, கண்ணு?" என்றார். சக்டன் ஓடி வந்தார். கிராப்ட்ரீ கேட்ட கேள்விகளுக்கெல்லாம் சக்டன் மேவிஸைத் திரும்பிப் பார்த்தார். மேவிஸ் பதில் சொன்னாள். கிராப்ட்ரீ சக்டனுக்கு நன்றி சொன்னார். கடைசியில் பெட்டி அவர் வீட்டுக்கு மூன்று நாள் பார்வைக்குப் போவதாக முடிவானது. பிடித்தால் எடுப்பார், இல்லையென்றால் திரும்பி வரும். படிவம் வேண்டாம், பொறுப்பாளர் வேண்டாம். பார்வைப் புத்தகத்தில் கடை ஊழியர் ஒருவர் கையெழுத்துப் போட்டால் வேன் கிளம்பிவிடும். மேவிஸ் போட்டாள். இந்த வருஷம் அவள் போட்ட நாற்பதாவதோ ஐம்பதாவதோ.

பெட்டிகளில் குதிரைகள் கடைசிச் சுற்று ஓடும்போது தரைவிரிப்பு ஆலையிலிருந்து நேராக ஐரிஸ் டாப்சன் வந்தாள். தலைத்துணியில் பஞ்சு ஒட்டியிருந்தது. பேச்சை வளர்க்காமல் ஒரு சின்னப் பெட்டியைக் காட்டி, "இது," என்றாள்.

மேவிஸ் படிவத்தை எடுத்தாள். பெயர், முகவரி, வேலை என்று எழுதிக்கொண்டே வந்தவள் அந்தக் கோட்டுக்கு வந்ததும், "வீட்டுக்காரர் ஒரு கையெழுத்து போடணும்," என்றாள். ஒன்பது வருஷப் பழக்கம். நாக்கு தானாகச் சொன்னது.

"எதுக்கு?"

"விதி, மா."

"அந்த ஆளு மார்ச் மாசத்துல இருந்து வேலைக்குப் போகல. குதிரை பார்க்கிறதும் குடிக்கிறதும்தான் தொழில். சம்பாதிக்கிறவ நான். பொறுப்பு அவனா?"

"நான் போட்ட விதி இல்ல."

"ஆனா சொல்றது நீதானே?" ஐரிஸ் மேஜைமேல் கையை ஊன்றிக் குனிந்தாள். "உன் வீட்டுப் பெட்டிக்கு யாரு தாயி கையெழுத்து போட்டா?"

மேவிஸுக்கு முகம் சிவந்தது. எத்தனை பெண்களை இதே மேஜையிலிருந்து திருப்பி அனுப்பியிருக்கிறாள்! ஆலைக்காரி, செவிலி, ஒரு பள்ளித் தலைமை ஆசிரியைகூட. தனக்குக் கதவு சாத்தியபோது மட்டும் வலித்தது. மற்றவர்களுக்குச் சாத்திய கை அவளுடையது.

"என் வீட்ல பெட்டியே இல்ல," என்றாள். "ஏரியல் மட்டும் இருக்கு."

ஐரிஸ் வெடித்துச் சிரித்தாள். "அட, புறா ஊஞ்சல் உன்னுதா! எங்க ஆலைவரைக்கும் பேச்சு."

மேவிஸ் சிரிக்கவில்லை. படிவத்தை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பார்வைப் புத்தகத்தை எடுத்தாள். ஐரிஸ் டாப்சன், சின்னப் பெட்டி, மூன்று நாள். கையெழுத்து. அடுத்த வரியில் மேவிஸ் பாரக்ளஃப், வண்ணப் பெட்டி, மூன்று நாள் என்று எழுதி, பக்கத்தில் அதே மேவிஸ் பாரக்ளஃப் கையெழுத்துப் போட்டாள். பிறகு வேன் ஓட்டும் வால்டரைக் கூப்பிட்டாள்.

வால்டர் புத்தகத்தைப் படித்தான். "உனக்கு நீயே காட்டிக்கப் போறியா?"

"ஆமா. எனக்குப் பிடிக்குதான்னு பார்க்கணும்."

ஐரிஸை முன்சீட்டில் ஏற்றிக்கொண்டு வேன் தெருமுனை திரும்பிய பிறகுதான் சக்டன் புத்தகத்தைப் பார்த்தார். கையிலிருந்த தேநீர் சட்டையில் சிந்தியது.

"மேவிஸ்! தலைமை அலுவலகத்துக்குத் தெரிஞ்சா உன் வேலையும் போச்சு, என் வேலையும் போச்சு."

"என்ன தப்பு சார்? கிராப்ட்ரீக்குப் போட்ட அதே பேனா, அதே கையெழுத்து."

"அவர் வாடகைக்கு எடுக்கப் போறவர்."

"நாங்களும்தான். எடுக்க விட மாட்டேங்கிறது யாரு?"

"மூணு நாள் கழிச்சு?"

"மறுபடி எழுதுவேன். எத்தனை தடவைன்னு விதி இல்ல. நீங்கதான் விதிக்காரராச்சே, தேடிப் பாருங்க." கோட்டை மாட்டிக்கொண்டாள். "வேலையை விட்டு அனுப்பினா அனுப்பச் சொல்லுங்க. காரணத்தை மட்டும் எழுத்துல கொடுக்கச் சொல்லுங்க. உள்ளூர்ப் பத்திரிகைக்குக் கொடுக்கணும்."

சக்டன் பொல்லாதவரில்லை. அநியாயம் நடக்கப் பொல்லாதவர்கள் வேண்டியதில்லை, தேநீர் போடப் போகிறவர்கள் போதும். "நான் பார்க்கல," என்று முணுமுணுத்துப் புத்தகத்தை மூடி வைத்தார்.

எட்டு மணிக்கு ஆர்னால்ட் கதவைத் தட்டினார். வேனிலிருந்து பெட்டி இறங்கியதைத் தெருவே பார்த்திருந்தது. தொப்பி கையில் இருந்தது.

"கலராமே, மேவிஸ்? உள்ள வரலாமா?"

"வரலாம். ஒரு விதி இருக்கு."

"என்ன விதி?"

"ஆம்பளை தனியா வந்தா பொறுப்புக்கு ஒரு பொம்பளை வேணும். வீட்டுக்காரியைக் கூட்டிட்டு வாங்க."

அவள் சிரிப்பாளென்று அவர் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. தெருவைத் தாண்டித் தன் வீட்டு வாசலில் நின்று, "எலன்! ஏய் எலன்!" என்று அவர் கத்துவது கேட்டது.

திரையில் கேரட் முகத்தோடு ஒரு பேராசிரியர் உலக வரைபடத்தின்முன் வந்து நின்றார். மேவிஸ் குனிந்து, அவர் மனிதராகும் வரை நிறத்தைக் குறைத்தாள்.