காற்று விற்றவர்களின் காப்பிக்கடை

ஆம்ஸ்டர்டாமில் காப்பிக்கடை நடத்திய ஹில்லெகொண்டா, அந்தக் கேலிப் படத்தைச் சுவரிலிருந்து எடுக்கவே இல்லை. பங்குத் தரகர்கள் துருத்தியால் பைகளில் காற்றடைத்து ஊருக்கு விற்பதுபோல அச்சடித்த படம். பங்கு விலை ஏறிய காலத்தில் தரகர்கள் அதன்முன் கூடி, "டேய் யோஸ்ட், துருத்திக்காரன் மூக்கு அப்படியே உன் மூக்குடா!" என்று உருண்டு சிரிப்பார்கள். தன் மூக்கை மட்டும் ஒரு பயலும் அதில் பார்த்ததில்லை. காப்பி ஆறிப்போகும், கூச்சல் ஆறாது. அந்தக் கூச்சலுக்குத்தான் இப்போது அவள் மனம் ஏங்கியது.

விலை சரிந்தபின் ஒருவரும் வரவில்லை. வெகுநாள் கழித்து யோஸ்ட் மட்டும் தலைகுனிந்து வந்து நின்றான்.

"கடை எப்படிக்கா போகுது?"

அவனுக்குக் காப்பியை ஊற்றி வைத்துவிட்டுப் படத்தைக் காட்டினாள்.

"நீங்கல்லாம் காத்து வித்தீங்க. இப்ப என் கடை காத்து வாங்குது."