நீர்க்கோழியின் பச்சைப் பொட்டு

கவிழ்த்து வைத்த படகின் அடிப்புறத்தில் இரண்டு கைகள் பழைய வார்னிஷைச் சுரண்டிக்கொண்டிருந்தன. மரத்தின் இழை போகும் போக்கிலேயே சுரண்ட வேண்டும். குறுக்கே இழுத்தால் கீறல் விழும், கீறலில் தண்ணீர் இறங்கும். ஒவ்வொரு முழத்துக்கும் கைகள் நிற்கும். இடது உள்ளங்கை மரத்தைத் தடவிப் பார்க்கும். எங்காவது சொரசொரத்தால் மறுபடி அதே இடம். ஜனவரிக் குளிரில் விரல் நுனிகள் வெடித்திருந்தன. கையுறை போட்டால் மேடு பள்ளம் தெரியாது என்பதால் போடவில்லை.

இம்கே லூர்ஸ் ஷ்வெரின் ஏரிக்கரையில் நாற்பது பேர் கொண்ட சிறிய துடுப்புப் படகுச் சங்கத்தின் படகுப் பொறுப்பாளர். பதினேழு வருடமாக அந்தப் பொறுப்பு. சம்பளம் கிடையாது. பிழைப்புக்குப் பொய்ப்பல் கட்டும் கூடத்தில் வேலை. படகு வேலையை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. உடைந்தவற்றைப் பிரித்துப் பார்த்தாள், சேர்த்துப் பார்த்தாள், தப்பாகச் சேர்த்ததை மறுபடி பிரித்தாள். அப்படி வந்த வேலை.

படகின் பெயர் நீர்க்கோழி. ஒருவர் மட்டும் ஓட்டும் படகு, ஆனால் நல்ல அகலம். உள்ளே எழுந்து நின்றாலும் கவிழாது. வேகம் வராது என்பதால் பல வருடமாக யாரும் அதைத் தேடி எடுப்பதில்லை.

"குளியல் தொட்டிக்கு அலங்காரமா?" என்று கேட்டபடி உள்ளே வந்தார் ஹார்ட்முட் பாகல், சங்கத் தலைவர். எழுபது வயது. சங்கத்தில் வயது வித்தியாசம் பார்ப்பதில்லை, எல்லாரும் எல்லாருக்கும் 'நீ' தான். "யாருக்கு இம்கே இது?"

"யாராவது ஓட்டுவாங்க."

"ஓட்டக்கூடிய ஒரே ஆளையும் நாம வெளிய அனுப்பியாச்சே" என்று சிரித்தார்.

இம்கே சுரண்டியை விளிம்பில் தட்டித் தூசியை உதிர்த்தாள்.

அந்த ஆள் ஃபோல்க்மார் சிகல்கோ. வயது அறுபத்து நான்கு. ஊர்ப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். நாற்பது வருடம் ஏரியோரச் சாலையில் வண்டி ஓட்டியபோதெல்லாம் தண்ணீரில் போகிறவர்களைப் பார்த்து ஏங்கியவர். ஓய்வு பெற்றதும் சங்கம் சங்கமாக ஏறி இறங்கினார். முதல் சங்கத்தில் போட்டிக்குப் போகிறவர்களுக்கு மட்டும்தான் இடம். இரண்டாவதில் இரண்டு வருடம் காத்திருக்கச் சொன்னார்கள். மூன்றாவதில், உங்கள் வயதுக்கு நடைப்பயிற்சி நல்லது என்றார்களாம். நான்காவதாக இங்கே வந்தபோது வாசலில் இம்கே போல்ட்டுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தாள். "வா, உள்ள வந்து பாரு" என்றாள். ஒரே வாக்கியத்தில் சேர்த்துக்கொண்டாயே என்று அவர் பிறகு பலமுறை சொன்னார்.

படகுக்கூடத்தில் படகுகள் தட்டுத் தட்டாக அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு தட்டின் கட்டையிலும் ஒரு வண்ணப் பொட்டு. சிவப்பு என்றால் தேர்ந்தவர்களுக்கு, மஞ்சள் என்றால் துணையோடு போக, பச்சை என்றால் புதியவர்கள் தனியாக எடுக்கலாம். அந்தப் பொட்டுகளை ஒட்டியவளும் இம்கேதான். "தனியா போகணும்னா பச்சைப் பொட்டு இருக்கிற தட்டுல உள்ளதை எடு. வேற எதையும் தொடாதே. மிதவைச் சட்டை இல்லாம இறங்காதே. கரையை விட்டு விலகாதே" என்று அவரிடம் சொல்லியிருந்தாள். நான்கு பேர் படகில் மூன்று முறை மற்றவர்களோடு போய் வந்த மனிதர், ஒவ்வொரு சொல்லையும் சாலை விதி போல மனத்தில் வைத்துக்கொண்டார்.

நவம்பரில் ஒரு நாள் பெரிய படகு ஒன்றைப் பழுது பார்க்க இடம் வேண்டியிருந்தது. இம்கே நீர்க்கோழியை இறக்கிச் சுவரோரம் சாய்த்தாள். அந்தத் தட்டில், இடைஞ்சலாக இருந்த சிவப்புத் தட்டுத் தும்பியை ஏற்றினாள். தும்பி பந்தயப் படகு. உட்காருகிறவரின் இடுப்பளவுதான் அகலம். துடுப்பைத் தண்ணீரோடு சரியாகப் படுக்க வைக்கத் தெரியாதவர் கையை எடுத்தால் அந்த நொடியே புரண்டுவிடும். இப்போது தும்பி ஏறிய தட்டின் கட்டையில் பச்சைப் பொட்டு இருந்தது.

அவளுக்கு அது தோன்றவே இல்லை. சங்கத்தில் மற்ற யாருக்கும் தோன்றியிருக்காது. பழகியவர்கள் படகை அதன் முகத்தை வைத்தே அறிவார்கள். பொட்டைப் பார்ப்பது புதியவர்கள் மட்டும்தான். அந்த நவம்பரில் புதியவர் ஒருவர்தான் இருந்தார்.

மறுநாள் மதியம், கரையிலிருந்து அறுபது மீட்டரில் தும்பி புரண்டது. ஃபோல்க்மார் துடுப்புத் தாங்கியின் இரும்புக் கம்பிக்குள் இடது முழங்கையைக் கோத்துக்கொண்டு இருபது நிமிடம் தொங்கினார். மீன் பிடிக்கப் போனவர்கள் தூக்கிக் கரை சேர்த்தார்கள். மிதவைச் சட்டை உயிரைக் காத்தது. கம்பி அழுத்திய நரம்பு செத்து, சுண்டு விரலும் அதற்கு அடுத்த விரலும் மரத்துப்போயின.

அன்று சாயங்காலம் தும்பியைக் கழுவித் துடைத்து, பழக்கத்தில் அதன் பழைய தட்டிலேயே, சிவப்புப் பொட்டின் மேல், தள்ளினாள் இம்கே. பாதி தள்ளியபோதுதான் விஷயம் நெஞ்சில் தைத்தது. நின்றாள். பிறகு மீதியையும் தள்ளினாள்.

சிவப்புத் தட்டுப் படகை அனுமதியில்லாமல் எடுத்தார் என்று நிர்வாகக் குழு முடிவு செய்தது. கவனக்குறைவு, விதிமீறல் என்று எழுதி உறுப்பினர் பட்டியலிலிருந்து பெயரை நீக்கியது. கடிதத்தில் 'நீங்கள்' என்றிருந்தது. குழுவில் இம்கேயும் இருந்தாள். கை தூக்கவில்லை. வாயும் திறக்கவில்லை.

பிப்ரவரியில் நீர்க்கோழிக்கு மூன்றாம் பூச்சு காய்ந்ததும், அளவு எடுக்கிறேன் என்று ஒரு சாக்கு வைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனாள். அவர் பழ கேக் வெட்டி வைத்திருந்தார். இடது கையால் தட்டைப் பிடித்தபோது இரண்டு விரல் மடங்காமல் நின்றன.

"எதுக்கு அளவு? நான்தான் உங்க சங்கத்துல இல்லையே" என்றார்.

"சும்மா எடுத்து வச்சுக்கிறேன். கையைக் காட்டு."

கைப்பிடியின் கனத்துக்கு நூலைச் சுற்றிப் பார்த்தாள். தொடை உயரம், கால் நீளம். எல்லாவற்றையும் சீட்டில் குறித்தாள். அவர் பேசிக்கொண்டே இருந்தார்.

"ஒண்ணு சொல்லட்டுமா? யார்கிட்டயும் சொல்லலை. நான் பச்சையைத்தான் பார்த்தேன். சத்தியமா பச்சை. ஆனா எல்லாரும் சிவப்புன்னு சொல்றாங்க. நாற்பது வருஷம் சிக்னல் பார்த்து வண்டி ஓட்டினவன் நான். கண் டாக்டர்கிட்ட போனேன். கண் நல்லாயிருக்குன்னுட்டார். அப்ப கெட்டது எது?" தலையைத் தொட்டுக் காட்டினார். "காரை வித்துடலாம்னு இருக்கேன். யார் மேலயாவது ஏத்திட்டேன்னா?"

இம்கேயின் கையில் பென்சில் நின்றது.

"விக்காதே."

"ஏன்?"

"நீ பார்த்தது பச்சைதான். தும்பியை அந்தத் தட்டுல வச்சது நான். திரும்ப எடுத்து மாத்தி வச்சதும் நான்தான்."

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அவர் கேக் தட்டை மெல்ல நகர்த்தி வைத்தார்.

"கடிதம் வந்தப்ப உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"என் மகள் எனக்கு ஒரு விடுதி பார்த்து வச்சிருக்கா. வயசானவங்க விடுதி. அதுவும் உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"இனிமே தெரிஞ்சுக்குங்க. சங்கத்துல எல்லாருக்கும் முன்னாடி சொல்லுவீங்களா?"

"சொல்றேன்."

"சொல்லிட்டு வாங்க. அதுக்கப்புறம் அளவெல்லாம் பார்க்கலாம்."

மார்ச் மாதப் பொதுக்கூட்டத்துக்கு முந்தின நாள் ஹார்ட்முட்டிடம் மட்டும் சொன்னாள். அவர் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.

"விட்டுத் தொலை இம்கே. ஆள் உயிரோடதானே இருக்கான்? நாற்பது பேர் உன் கையை நம்பித் தண்ணியில இறங்குறாங்க. அந்த நம்பிக்கையை உடைச்சு என்ன சாதிக்கப்போற?"

"நம்பினவன் ஒருத்தன் முழுகப் பார்த்தானே, அவனை எந்தக் கணக்குல விடுறது?"

கூட்டத்தில் கடைசியாக எழுந்தாள். கட்டை, பொட்டு, தேதி எல்லாம் ஒழுங்காகச் சொன்னாள். பல்லுக்கு அச்சு எடுப்பது போல ஒன்றையும் விடவில்லை. முன்வரிசையிலிருந்த கெஸினா திரும்பிப் பார்த்தாள். பத்து வருடம் ஒரே படகில் அவள் முதுகைப் பார்த்தே துடுப்பு வலித்தவள் இம்கே.

"நாலு மாசமா தெரிஞ்சும் சும்மா இருந்தியா?"

"அன்னிக்குச் சாயங்காலத்துலேர்ந்து தெரியும்."

ஃபோல்க்மாரின் பெயரை மறுபடி சேர்க்க எல்லாக் கைகளும் உயர்ந்தன. இம்கே படகுக்கூடத்துச் சாவியை மேசைமேல் வைத்தாள். யாராவது, எடுத்துக்கோ இம்கே, என்று சொல்வார்கள் என்று தான் எதிர்பார்த்தது, யாரும் சொல்லாதபோதுதான் அவளுக்கே தெரிந்தது. ஹார்ட்முட் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"நீர்க்கோழி வேலை பாக்கி இருக்கு" என்றாள்.

"ஏப்ரல் வரைக்கும் வந்து முடி. கதவை நான் திறந்துவிடுறேன்."

அப்படித்தான் முடித்தாள். தினமும் யாரோ ஒருவர் கதவைத் திறந்துவிட்டு, அவள் போகும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். பேச்சு குறைவு. கால்பலகையை இரண்டு விரற்கடை முன்னே தள்ளினாள். துடுப்புக் கொண்டிகளின் அடியில் வளையம் போட்டு உயர்த்தினாள். இடது துடுப்பின் கைப்பிடிக்கு மட்டும் தக்கை சுற்றி, தோல் தைத்துக் கனமாக்கினாள். மடங்காத விரல்கள் அதன்மேல் சும்மா படுத்திருந்தால் போதும், மற்ற மூன்றும் பிடித்துக்கொள்ளும். கடைசியாகத் தட்டுக் கட்டைகளின் பொட்டுகளையெல்லாம் சுரண்டி எடுத்தாள். ஒவ்வொரு படகின் மூக்கிலும் அதனதன் பொட்டை வண்ணத்தால் தீட்டினாள். இனி எந்தத் தட்டில் ஏற்றினாலும் பொட்டு படகோடு போகும். இதைப் பதினேழு வருடத்துக்கு முன்பே செய்திருக்கலாம் என்ற எண்ணம் தூரிகையை ஒவ்வொரு முறை தோய்க்கும்போதும் வந்தது.

படகுப் பருவத்தின் முதல் நாள். கம்பத்தில் சங்கக்கொடி ஏறியது. படித்துறையில் பட்டாணி சூப் கொதித்தது. ஆட்கள் படகுகளைத் தோளில் சுமந்து இறங்கினார்கள். இம்கேயைக் கடந்தபோது சிலர் தலையசைத்தார்கள், சிலர் படகின் கனத்தைச் சாக்காக்கித் தலையைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

ஃபோல்க்மார் தன் காரை ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். மிதவைச் சட்டையைக் காரிலேயே மாட்டியிருந்தார். படித்துறை மேடையோரம் மிதந்த நீர்க்கோழியிடம் வந்து குனிந்தார். மூக்கிலிருந்த பொட்டை மரத்துப்போன விரலால் தொட்டார். உணர்வு இல்லை போலிருக்கிறது, கட்டைவிரலால் மறுபடி தொட்டார்.

"பச்சை" என்றார்.

"பச்சைதான்."

"நான் மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதே. இன்னும் இல்லை."

"சரி."

"ஆனா ஏறணும். எனக்கு ஏறணும்."

இம்கே மண்டியிட்டுப் படகின் விளிம்பை மேடையோடு அழுத்திப் பிடித்தாள். அவர் உட்கார்ந்து கால்பலகையின் வாரில் காலை நுழைத்து, தயார் என்பது போல் அண்ணாந்து பார்த்தார். அவள் முதலில் இடது துடுப்பை எடுத்து, தோல் தைத்த கைப்பிடி அவர் பக்கம் வரும்படி நீட்டினாள்.