அப்பா விடாமல் கேட்ட உதவித்தொகை

அப்பா எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரில் 'சாந்தமே உருவானவர்' என்று போடும்படி பெரியப்பா சொல்லியனுப்பினார். போடவில்லை. அப்பா சண்டைக்காரர். அவர் போட்ட சண்டையால்தான் நான் இன்று கல்லூரிக்குப் போகிறேன். அதை விட்டுவிட்டு அவரைப் பற்றி எழுத எனக்குத் தெரியாது.

அப்பா சேதராப்பட்டில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். இளவயதிலேயே பாண்டிச்சேரிப் பஞ்சாலைக்கு வேலைக்கு வந்தார். ஆலை மூடியதும் பிறந்த ஊருக்கே போய், தொழிற்பேட்டையில் வாட்ச்மேனாக நின்றார். வாடகை குறைவென்று கோரிமேட்டில் சாலைக்கு அந்தப் பக்கம் வீடு மாறினோம். அந்தப் பக்கம் தமிழ்நாடு என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் என்ன வந்துவிடும் என்றுதான் சாமான்களைத் தூக்கிக்கொண்டு சாலையைக் கடந்தோம்.

வந்தது. கல்லூரியில் சேர்ந்துவிட்டேன், உதவித்தொகை கிடைக்காவிட்டால் முதல் பருவத்தோடு நிற்க வேண்டியதுதான். பாண்டிச்சேரி அலுவலகத்தில் குடியிருப்புச் சான்றிதழ் கேட்டார்கள். முகவரியைப் பார்த்துவிட்டு, "நீங்க தமிழ்நாடுய்யா" என்றார்கள். தமிழ்நாட்டு அலுவலகத்திலோ, "பொண்ணு படிச்சது பூரா பாண்டிச்சேரி, இங்க எதுக்கு வந்தீங்க?" என்றார்கள். அப்பாவுக்கு வந்ததே கோபம்! நேராகப் பாண்டிச்சேரி அலுவலகத்துக்கே திரும்பினார்.

"சார், நான் பல்லு வௌக்குறது தமிழ்நாட்டுல, டீ குடிக்கிறது பாண்டிச்சேரியில. நான் எந்த ஊர்க்காரன்னு நீங்களே ஒரு முடிவு சொல்லுங்க, கேட்டுட்டுப் போறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். கையெழுத்து மட்டும் விழவில்லை.

அன்றிலிருந்து படித்தவர் மாதிரித் தெரிகிற யாரைப் பார்த்தாலும், "காலேஜ் புள்ளைக்கு ஸ்காலர்ஷிப் எங்க குடுக்குறாங்க?" என்று கேட்க ஆரம்பித்தார். ஓடுகிற பஸ்ஸிலும் கேட்டார். எனக்கு மானம் போகும். சும்மா இருங்கப்பா என்றால், "வாயத் தொறந்தா முத்தா உதுந்துடும்?" என்பார்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு நோயாளியோடு பஸ்ஸில் வந்த ஒரு டீச்சரம்மாதான், குடியிருப்புச் சான்றிதழ் கேட்காத ஓர் அறக்கட்டளையைப் பற்றிச் சொன்னார். விண்ணப்பித்தோம். பெற்றோர் ஒருவரோடு நேர்முகத்துக்கு வரச் சொன்னார்கள். அப்பா வேலைக்கு லீவுகூடச் சொல்லிவிட்டார். அதற்குள் மாரடைப்பு அவரைக் கொண்டுபோய்விட்டது.

நேர்முக நாள் வந்தபோது கருமாதி முடியவில்லை. "தீட்டு வீட்டுப் பொம்பளைங்க வாசப்படி தாண்டக் கூடாது. படிப்பு ஒரு வருஷம் போனா போவுது" என்று பெரியப்பா வாசலை மறித்து நின்றார். உறவினர்களே, உங்களில் பலரும் அவர் பின்னால் நின்றீர்கள். அதுவரை யாரையும் எதிர்த்துப் பேசாத அம்மா செருப்பை மாட்டினார்.

"மாமா, வழிய வுடுங்க. இதுக்குத்தான் அவரு நாயா அலைஞ்சாரு. நான் மூலையில குந்திக்கினு இருந்தா அவரு திரும்பி வந்துடுவாரா?"

நேர்முகத்தில், "அப்பா வரலையா?" என்று கேட்டார்கள். "செத்துட்டாரு சார், இன்னும் காரியம்கூட ஆவல. நீங்க கேள்வி கேளுங்க, எம் பொண்ணு பதில் சொல்லும்" என்றார் அம்மா. அழுதுகொண்டேதான் பதில் சொன்னேன். ஆனால் எல்லாவற்றுக்கும் சொன்னேன். உதவித்தொகை கிடைத்தது.

அப்பாவைச் சுமந்த தெருக்காரர்களுக்கும், அவரோடு காவல் நின்ற நண்பர்களுக்கும், பெயர்கூடக் கேட்டு வைக்காத அந்த டீச்சரம்மாவுக்கும் எங்கள் நன்றி. பெரியப்பா, உங்களுக்கும்தான். இறுதிக் காரியம் முழுவதையும் முன்னின்று செய்தீர்கள். அதை மறக்க மாட்டோம். வாசலை மறித்ததையும் மறக்க மாட்டோம்.

இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது நானும் அம்மாவும் வீட்டில் இருக்க மாட்டோம். இரண்டாம் ஆண்டு உதவித்தொகைக்கு இன்று காலைதான் வரச் சொல்லியிருக்கிறார்கள். திதியன்று வெளியே போகலாமா என்று கேட்பவர்கள், நாங்கள் வந்த பிறகு என்னிடமே கேளுங்கள். பசித்தவர்கள் சாப்பிடுங்கள். நேரம் போகிறதென்று யாரும் முந்திக்கொண்டு படையல் மட்டும் போட வேண்டாம். நாங்கள் வராமல் அப்பா சாப்பிட மாட்டார்.