போன வருடத்துத் திட்டம்

எங்கள் பல்கலைக்கழக அறிவியல் புலத்தில் ஆண்டுக்கொருமுறை மதிப்பீட்டுக் கூட்டம் நடக்கும். செய்த வேலையையும் அடுத்த ஆண்டுத் திட்டத்தையும் வெளியிலிருந்து வரும் குழுவிடம் சொல்ல வேண்டும். எனக்கு ஆறு வருடம் பின்னால் வேலைக்கு வந்த தாவரவியல்காரி, முதலமடைத் தோப்புகளில் மாம்பூ உதிர்வதைப் பற்றிப் பேசினாள். குழுத்தலைவர் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டார். எனக்கு வயிறு எரிந்தது. தோப்புக்காரர் மகளுக்குப் பூ உதிர்வதைப் பார்க்க ஆராய்ச்சி வேறு வேண்டுமா?

அடுத்து நான், இயற்பியல். எங்களில் பலர் செய்வதுபோல் பழைய திட்டத்தில் ஆண்டை மட்டும் திருத்தியிருந்தேன். மூன்றாவது ஸ்லைடில் திருத்த மறந்துவிட்டேன். இது போன வருடத்துத் திட்டம் அல்லவா என்று தலைவர் கேட்டார். 

பின்வரிசையிலிருந்து அவள் எழுந்தாள். “அக்காவோட வேலை ரெண்டு வருசத்துதுங்க சார். பாதிதானுங்க முடிஞ்சிருக்குது.”

குழு தலையாட்டியது. நான் அதைத் தொடங்கவே இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

மாலையில் என் மேசையில் இரண்டு மாம்பழங்களை வைத்துவிட்டுப் போயிருந்தாள். அழுகட்டும் என்று இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். நாற்றம் கிளம்பிய அன்று, ஒன்றும் கேட்காமல் வந்து என் அறை ஜன்னலைத் திறந்துவிட்டவளும் அவள்தான்.