உள்ளே பிடியில்லாத கதவு

இறங்கவேண்டிய இடம் வருவதற்கு வெகுநேரம் முன்பே எழுந்து கதவடியில் போய் நிற்கிறவள் நான். பஸ்ஸிலும் அப்படித்தான், விமானத்திலும் அப்படித்தான். "காலில சுடுதண்ணி ஊத்திக்கொண்டோ நிக்கிறீர்?" என்று என் கணவர் கேட்பார். அவர் எதற்கும் அசையாதவர். பதறாத காரியம் சிதறாது என்று சொல்லிவிட்டுத் தேநீரை ஆறவைத்துக் குடிப்பவர். அந்தப் பழமொழியை உண்டாக்கியவனுக்கு நேரத்துக்குப் போகவேண்டிய வேலை எதுவும் இருந்திருக்காது என்பது என் கட்சி.

நாங்கள் ஜேர்மனியில் பல வருடம் இருந்துவிட்டு, பிள்ளைகளின் ஆங்கிலப் படிப்புக்காக லண்டனுக்கு வந்தவர்கள். வெஸ்ட் ஈலிங்கில் எங்கள் வீட்டின் பின்மதிலுக்கு அப்பால் பாடிங்டனிலிருந்து மேற்கே போகும் தண்டவாளம். வேக ரயில்கள் எங்கள் ஸ்டேஷனைத் திரும்பியும் பாராமல் போகும். முன்னால் ஒரு டீசல் இஞ்சின், பின்னால் ஒரு டீசல் இஞ்சின். அவை போகும்போது குசினி அலுமாரியில் கோப்பைகள் கிலுகிலுக்கும். மின்சாரத்தில் ஓடும் ரயிலைப் பார்த்துப் பழகிய எங்களுக்கு இது பெரிய பகிடி. "உலகத்துக்கே கோச்சி வண்டி விட்டவங்கள் இவங்கள்தானே! இன்னும் எண்ணெயிலயோ ஓட்டுறாங்கள்?" என்று என் கணவர்கூடச் சிரித்தார்.

பிறகு வாசித்துப் பார்த்தேன். அந்த ரயிலைக் கதாநாயகனாக யாரும் கட்டவில்லை. வளைவுகளில் ஒரு பக்கம் சாய்ந்துகொண்டு பறக்கும் அதிவேக ரயில் ஒன்றைத்தான் இந்த நாட்டு எஞ்சினியர்கள் கனவு கண்டிருக்கிறார்கள். அது இழுபட்டுக்கொண்டே போனதால், அதுவரை சமாளிப்பதற்காகக் கட்டியதுதான் மணிக்கு நூற்றிருபத்தைந்து மைல் ஓடும் இந்த டீசல். கடைசியில் சாய்கிற ரயில் ஏறியவர்களின் வயிற்றைப் புரட்டிவிட்டு மூலைக்குப் போய்விட்டது. தற்காலிகமாக வந்தது நாற்பது வருடத்துக்கு மேல் பாடிங்டனிலிருந்து ஓடியது. தற்காலிக விசாவைப் புதுப்பித்துப் புதுப்பித்தே தலை நரைத்த எங்களுக்கு இது விளங்காத விஷயமில்லை. அதைப் படித்த நாளிலிருந்து அந்த ரயிலைப் பகிடி பண்ணுவதை விட்டுவிட்டேன். இப்போது அந்தப் பாதையில் கம்பி உள்ள இடத்தில் மின்சாரத்திலும், கம்பி முடிந்த இடத்தில் டீசலிலும் ஓடும் புது ரயில்கள் வந்துவிட்டன. அவற்றின் கதவுகளுக்குப் பொத்தான் இருக்கிறது. நான் சொல்லப்போவது அதற்கு முந்திய கதை.

நான் மொழிபெயர்ப்பாளர். ஆஸ்பத்திரி, கவுன்சில், நீதிமன்றம் என்று தமிழருக்கு ஆங்கிலம் தேவைப்படும் இடங்களுக்குப் போவேன். இந்தத் தொழிலில் ஒரு விதி உண்டு. எதிரே இருப்பவர் பேசுவதைக் கூட்டாமல் குறைக்காமல், அவர் பேசுவதுபோலவே பேசவேண்டும். "இவர் பயந்தாராம்" என்று சொல்லக்கூடாது. "நான் பயந்தேன்" என்று சொல்லவேண்டும். ஒரு நாளில் நான் கர்ப்பிணியாகவும் இருப்பேன், கடைக்காரனாகவும் இருப்பேன். வீட்டுக்கு வந்து சோறு போட்டுச் சாப்பிடும்போதுதான் திரும்ப நானாவேன்.

அன்று வேல்ஸில் நியூபோர்ட் என்ற ஊரில் வேலை. அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட ஒரு தமிழனின் அப்பீல் வழக்கு. மொழிபெயர்ப்பாளர் வராவிட்டால் வழக்கை விசாரிக்கமாட்டார்கள், தள்ளிப்போட்டுவிடுவார்கள். தள்ளிப்போட்டால் அடுத்த தவணைக்கு மாதக்கணக்காகும். அந்த மாதங்கள் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஜேர்மனியில் அப்படி ஒரு கடிதத்துக்காகத் தபால்காரனின் காலடிச் சத்தத்தைக் கேட்டுக்கேட்டு இருந்திருக்கிறேன்.

பாடிங்டனில் ரயில் பிந்தியே கிளம்பியது. ஸ்விண்டனுக்கு அப்பால் வயல்வெளியில் காரணம் சொல்லாமல் நின்றது. என்னால் இருக்க முடியவில்லை. எழுந்து ஒரு பெட்டியிலிருந்து அடுத்ததற்கு நடந்தேன். நடந்தால் ரயில் வேகமாகப் போகும் என்ற நினைப்பு! நீண்ட சுரங்கத்துக்குள் ரயில் நுழைந்தபோது நான் கடைசிப் பெட்டியின் கதவடிக்கு வந்துவிட்டேன். அங்கே என்னைத் தவிர ஆளில்லை. முதல் ஆளாக இறங்கி ஓடலாம் என்று சந்தோஷப்பட்டேன்.

நியூபோர்ட் வந்தது. ரயில் நின்றது. கதவுக்கு மேலே செம்மஞ்சள் விளக்கு எரிந்தது. நான் பொத்தானைத் தேடினேன். பொத்தான் இல்லை. பிடியைத் தேடினேன். பிடியும் இல்லை. வழவழவென்ற கதவு, மேல் பாதியில் ஒரு கண்ணாடி. மற்றக் கதவுகளால் இறங்கியவர்கள் பெட்டிகளை இழுத்துக்கொண்டு பிளாட்பாரத்தில் நடப்பதை அந்தக் கண்ணாடிக்குள்ளால் பார்த்தேன். தட்டினேன், தமிழில் கத்தினேன். விசில் ஊதியது. ஸ்டேஷன் பின்னால் போகத் தொடங்கியது.

அப்போதுதான் அந்த அறிவிப்பு கண்ணில் பட்டது. திறப்பதற்குக் கண்ணாடியைக் கீழே இறக்கி, கையை வெளியே நீட்டி, வெளிப்பக்கப் பிடியைத் திருப்பவும். என் மூக்குக்கு நேரே இருந்தது. மற்றவர்களுக்கு வாசித்துச் சொல்லிக் காசு வாங்குகிறவள் எனக்கு வாசிக்கவில்லை. உள்ளே இருப்பவள் இறங்குவதற்கு வெளியே கை நீட்டவேண்டும் என்று யோசித்த மூளை எந்த மூளையோ, அதையும் வாயாரத் திட்டினேன். பிறகு அழுகை வந்தது. கார்டிஃப் வரும்வரை ரயில் எங்கும் நிற்கவில்லை. எனக்கு வேலை தந்த அலுவலகத்துக்குப் போன் எடுத்துச் சொன்னேன். "கோர்ட்டுக்கு அறிவிக்கிறோம், ஆனால் காத்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது" என்றார்கள்.

கார்டிஃபில் கண்ணாடியை இறக்கிக் கையை நீட்டித் திறந்தேன், அவ்வளவு சுலபமாகத் திறந்தது. அடுத்த ரயிலில் திரும்பி, ஸ்டேஷனிலிருந்து டாக்ஸி பிடித்து, அந்தக் கட்டடத்தின் படிகளில் ஓடி ஏறினேன். வழக்கறிஞருக்குப் பக்கத்தில், தோள் பெருத்த இரவல் கோட்டில் ஒருவன் இருந்தான். முப்பது வயதிருக்கும். என் நெற்றிப் பொட்டைக் கண்டதும் எழும்பினான்.

"ட்ரான்ஸ்லேட்டர் அக்காவோ?"

"ஓம்."

"முந்தியும் ஒருக்கா ஆள் வரேல்லை எண்டு தள்ளினவங்கள். இனியும் தள்ளினால் என்னால ஏலாது அக்கா. அங்கை ஊரில என்ரை மனுசி தனிய."

வழக்குக்கு வெளியே அவனோடு நான் கதைக்கக்கூடாது. அதுவும் விதி. வாய் நமநமக்க, தலையை மட்டும் ஆட்டினேன். நீதிமன்ற ஊழியர் வந்து, நேரம் போதாது, நீதிபதி வேறு திகதி கொடுக்கத் தீர்மானித்துவிட்டார், அதைச் சொல்லத்தான் உள்ளே கூப்பிடுகிறார் என்றார்.

நீதிபதி வயதானவர். முகத்தில் எரிச்சல் அப்பட்டமாகத் தெரிந்தது. ஏன் பிந்தியது என்று கேட்டார். ரயில் கதவைத் திறக்கத் தெரியவில்லை என்று சொன்னேன். சொல்லும்போதே அது எவ்வளவு மொக்குத்தனமாகக் கேட்கிறது என்று எனக்கே வெட்கமாக இருந்தது. வழக்குக்கு வேறு திகதி தருவதாகவும், எனக்கு வேலை தருகிறவர்களுக்குப் போகும் அறிக்கையில் இதைக் குறிப்பிடவேண்டியிருக்கும் என்றும் சொன்னார் அவர். இரண்டையும் அவனுக்குத் தமிழில் சொன்னேன். பிறகு வழக்கம்போல், அவனும் நானும் பேசுவது ஒருவருக்கொருவர் விளங்குகிறதா என்று அவனிடம் கேட்கும்படி என்னிடம் சொன்னார். "ஓம்" என்ற ஒரு சொல் போதும். அவன் எழும்பி நின்றான்.

"விளங்குது ஐயா. நல்லா விளங்குது. இந்த அக்காவை ஒண்டும் பேசாதேங்கோ. என்னை மாதிரி அவாவும் இந்த ஊருக்குப் புதுசு போல. பாருங்கோ, எனக்காக ஓடி வந்து இன்னும் மூச்சு வாங்குது. எனக்கு வேற நாள் தந்தால் நான் வாறன். அவாவின்ரை வேலையில மட்டும் கை வைச்சுப்போடாதேங்கோ."

நான் திகைத்துப்போனேன். ஆனால் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. நீதிபதியைப் பார்த்து ஆங்கிலத்தில், எனக்காக நானே மன்றாடினேன். இந்தப் பெண்ணை ஏசாதீர்கள். என்னைப்போல் இவளும் இந்த ஊருக்குப் புதிது போலும். எனக்காக ஓடிவந்து இன்னும் மூச்சு வாங்குகிறாள். எனக்கு வேறு நாள் தந்தாலும் வருகிறேன், இவளுடைய வேலையில் மட்டும் கை வைக்காதீர்கள். ஒவ்வொரு வசனத்துக்கும் என் காது சுட்டது.

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். "இவை அவருடைய வார்த்தைகளா, உங்களுடையவையா?" என்றார்.

பழக்கதோஷத்தில் அதையும் அவனிடம் திருப்பிக் கேட்டேன்.

"என்ரை தான். வேற ஆற்றை?" என்றான் அவன், ஆச்சரியப்பட்டு.

"என்னுடையவைதான். வேறு யாருடையவை?" என்றேன் நான் ஆங்கிலத்தில்.

நீதிபதி எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். மதியச் சாப்பாடு பிந்தினால் பிந்தட்டும், வழக்கை இன்றே கேட்கிறேன், முதலில் மொழிபெயர்ப்பாளருக்குத் தண்ணீர் கொடுங்கள் என்றார்.

அதைத் தமிழில் சொல்லுமுன்பே எனக்குக் கண்ணீர் முட்டிவிட்டது. என் முகத்தைப் பார்த்து அவன் பிழையாக விளங்கிக்கொண்டான்.

"தள்ளிப்போட்டாரோ அக்கா? பரவாயில்லை, நீங்கள் அழாதேங்கோ."

அந்த அறையில் பேசப்படும் ஒவ்வொரு சொல்லையும் நான் மொழிபெயர்த்தாக வேண்டும். அவன் சொன்ன இதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை.

"இல்லைத் தம்பி," என்றேன். "இண்டைக்கே கேக்கப்போறாராம்."